ஏழாம் குழாய்

அவளுக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு பெயர் இருந்தது: முட்டை அக்கா. ஆய்வுக்கூடத்துக்குள் காலெடுத்து வைக்கும் ஒவ்வொருவருக்கும் அவள் மனசுக்குள் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவாள், அது பெரும்பாலும் முட்டையாகத்தான் இருக்கும் என்பது அங்கே படித்த பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். மார்க்கை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை, பிறகு மூக்கு வழியாகச் சின்னதாக ஒரு காற்று. அந்தக் காற்று வந்துவிட்டால் ஆள் காலி.

பட்டப்படிப்போடு நிறுத்திக்கொண்டவள். இருபத்தாறு வயதில் உதவியாளராகச் சேர்ந்து, ஐம்பதைத் தொட்டபோதும் உதவியாளராகவே இருந்தாள். முனைவர் பட்டம் இல்லாதது அவளுக்குக் குறை என்று யாராவது நினைத்தால் தப்பு. அந்தப் பட்டம் வாங்கியவர்கள் கை கழுவாமல் கிருமி வளர்க்கும் தட்டைத் திறப்பதையும், லேபிள் ஒட்ட மறப்பதையும், மறந்ததை மறைக்க வாய் கூசாமல் புளுகுவதையும் இருபத்து நாலு வருஷமாகக் கண்ணால் பார்த்தவள் அவள். இந்தக் கூட்டத்தில் சேராமல் போனோமே என்று ஒரு நாளும் ஏங்கியதில்லை.

ஆய்வுக்கூடம் பேராசிரியருடையது. பரிணாம உயிரியல் அவர் துறை. ஒட்டுண்ணியும் அது ஒட்டி வாழும் உயிரும் தலைமுறை தலைமுறையாக ஒன்றையொன்று எப்படி மாற்றிக்கொள்கின்றன என்பதுதான் ஆராய்ச்சி. ஆளும் உயரம், குரலும் உயரம். மைக்கைக் கண்டால் மனிதர் மலர்ந்துவிடுவார். பிப்பெட்டைக் கண்டால் வாடிவிடுவார். அவள் மனசுக்குள் அவருக்கு 'மேடை' என்று பெயர்.

"ஏம்மா, நாம இன்னைக்குப் பன்னெண்டு குழாயும் மாத்திட்டோமா?" என்று காலையில் எட்டிப் பார்த்துக் கேட்பார்.

"நாம மாத்திட்டோம் சார். உங்களுக்குக் கை வலிக்குதா?"

அவர் கடகடவென்று சிரித்துவிட்டுப் போவார். அது கேலி என்று அவருக்கு ஒருதடவைகூடப் புரிந்ததில்லை. அதற்கும் மார்க்கைக் குறைத்திருப்பாள். குறைக்க மிச்சம் ஏதும் இல்லை.

ஆனால் அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட கேள்வி நல்ல கேள்வி. அதை அவளே ஒப்புக்கொள்வாள். பாக்டீரியாவையே தின்று பிழைக்கும் வைரஸ்கள் உண்டு. பாக்டீரியா தப்பிக்க ஒரு வழி கண்டுபிடிக்கும். வைரஸ் அதை உடைக்க இன்னொரு வழி கண்டுபிடிக்கும். இந்த ஓட்டம் முடிவில்லாமல் முன்னே போய்க்கொண்டே இருக்குமா, செக்கு மாதிரி ஓரிடத்தில் சுற்றுமா? இதைத் தெரிந்துகொள்ளப் பன்னிரண்டு கண்ணாடிக் குழாய்களில் இரண்டையும் ஒன்றாகப் போட்டு வளர்த்தார்கள். தினமும் காலை பத்து மணிக்கு, ஞாயிறு உட்பட, ஒவ்வொரு குழாயிலிருந்தும் நூற்றில் ஒரு பங்கைப் பிப்பெட்டால் உறிஞ்சிப் புதிய சத்து நீரில் விட வேண்டும். குழாய்க்குக் குழாய், பிப்பெட் நுனியில் மாட்டும் பிளாஸ்டிக் டிப்பைப் புதிதாக மாற்ற வேண்டும். பத்து நாளைக்கு ஒருமுறை கொஞ்சத்தைச் சின்னக் குப்பியில் அடைத்து, மைனஸ் எண்பதில் இருக்கும் உறைபெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். போன வருஷத்து வைரஸை எழுப்பி இந்த வருஷத்து பாக்டீரியாவோடு மோதவிட்டுப் பார்க்கலாம். செத்துப்போன காலத்தை அலமாரியில் அடுக்கி வைத்த மாதிரி.

இப்படி இரண்டாயிரத்து முந்நூறு நாளுக்கு மேல் ஓடியிருந்தது. அவள் லீவு எடுத்த சில நாட்கள் போக, மற்றதெல்லாம் அவள் கை.

பக்கத்திலேயே இன்னொரு ஸ்டாண்டு. வேறொரு பாக்டீரியா, அதற்கென்று வேறொரு வைரஸ். முதல் ஸ்டாண்டுக் குழாய்களுக்கு வெள்ளை மூடி. தட்டில் பரப்பினால் அந்த பாக்டீரியா வெள்ளைப் புள்ளியாக வளரும். இரண்டாவதற்கு மஞ்சள் மூடி. அது மஞ்சள் புள்ளியாக வளரும். ஒன்றில் இருக்கும் வைரஸ் மற்றதைத் தொடாது. இரண்டும் கலந்துவிடவில்லை என்று உறுதி செய்ய, திங்கட்கிழமைதோறும் ஒவ்வொரு குழாயிலிருந்தும் ஒரு சொட்டைத் தட்டில் பரப்பிப் பார்ப்பது அவள் வைத்த வழக்கம். வெள்ளை மூடித் தட்டில் மஞ்சள் புள்ளி தலைகாட்டக் கூடாது.

அந்தத் திங்கட்கிழமைச் சோதனையில்தான் பேராசிரியர் கை வைத்தார்.

"ஆறு வருஷமா ஒரு மஞ்சள் புள்ளிகூட வரலையேம்மா. வாரா வாரம் தட்டு வீணாகுது, நேரம் வீணாகுது. நிறுத்திடுவோம்."

"வரலைன்னு தெரிஞ்சதே அந்தத் தட்டாலதான் சார்."

"அட, உன் கை சுத்தம் ஊருக்கே தெரியும். நிறுத்திடும்மா."

"எழுதிக் கொடுங்க."

எழுதியும் கொடுத்தார். தினக் குறிப்பேட்டில், தான் மட்டுமே பயன்படுத்தும் பச்சை மசியில், தேதி போட்டுக் கையெழுத்து. அவள் அந்தப் பக்கத்தை ஊதிக் காயவைத்து மூடினாள். முட்டாளோடு வாதாடுவதைவிட முட்டாளின் கையெழுத்து நல்லது என்பது அவள் கணக்கு.

இரண்டு மாதம் கழித்து நெட்டை ஓடிவந்தான். நெட்டை என்பது ஆராய்ச்சி மாணவன். கதவு நிலையில் மாதம் ஒருமுறை தலையை இடித்துக்கொள்பவன். அவளிடம் பத்துக்கு நாலு வாங்கியவன், அதுவே அந்தக் கட்டடத்தில் சாதனை. சில மாதத்துக்கு ஒருமுறை செய்யும் வேறொரு சோதனைக்காக, வெள்ளை மூடி வைரஸ்களை ஒவ்வொன்றாக மஞ்சள் பாக்டீரியா படர்ந்த தட்டில் சொட்டி வைத்திருந்தான். ஒன்றும் ஆகக் கூடாது. பதினொரு குழாயில் ஒன்றும் ஆகவில்லை. ஏழாம் குழாய் சொட்டிய இடத்தில் மட்டும், பாக்டீரியா செத்துத் தட்டில் ஓட்டை ஓட்டையாக விழுந்திருந்தது.

பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. "வைரஸ் வீடு மாறிடுச்சு! நம்ம கண்ணு முன்னாடி ஒரு உயிரை விட்டு இன்னொரு உயிருக்குத் தாவிடுச்சு!" என்று நடைபாதையில் போவோர் வருவோரையெல்லாம் இழுத்து வந்து தட்டைக் காட்டினார்.

அவளும் எட்டிப் பார்த்தாள். வெள்ளை மூடி வைரஸ் போடும் ஓட்டை சின்னது, ஓரம் மங்கலாக இருக்கும். இதுவோ பெரிசு, ஓரம் வெட்டின மாதிரி. மஞ்சள் மூடி வைரஸின் ஓட்டையை ஆயிரக்கணக்கில் எண்ணிய கண் அது.

"சார், இது மஞ்சள் மூடி வைரஸோட ஓட்டை மாதிரி இருக்கு."

"பரிணாமம்மா! புது வீட்டுக்குப் போனா நடை உடை மாறாதா?" என்றார்.

மூக்கிலிருந்து காற்று வந்தது. அதோடு விட்டாள்.

விட்டிருக்கக் கூடாது. அன்றைக்கே ஒரு சொட்டை எடுத்துத் தட்டில் பரப்பியிருந்தால் மறுநாள் காலையில் உண்மை மஞ்சளாகச் சிரித்திருக்கும். ஆனால் அவளுக்கு ஆசை வந்துவிட்டது. மூன்று வாரத்துக்கு முன்னால், பெரிய மனிதர்கள் ஏழெட்டுப் பேர் ஆய்வுக்கூடத்தைச் சுற்றிப் பார்க்க வந்தபோது, பேராசிரியர் புது வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, "இப்படித்தான் நாங்க தினமும் செய்யறோம்" என்று தன் கையாலேயே நாலைந்து குழாய்களை மாற்றிக் காட்டினார். பிப்பெட்டைப் பேனா மாதிரி பிடித்திருந்தார். அன்றைக்குத்தான் கலந்திருக்கிறது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். ஏறட்டும், நன்றாக உச்சிக்கு ஏறட்டும், அங்கிருந்து விழுந்தால்தான் சத்தம் கேட்கும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

அவரும் ஏறினார். வைரஸின் மரபணுவில் தனக்குப் பிடித்த ஒரு துண்டை மட்டும் படித்துவரச் சொன்னார். ஏழாம் குழாயில் பழைய வைரஸும் இருந்ததால் அந்தத் துண்டு பழைய வைரஸுடையதாகவே வந்தது. அதில் நாலு எழுத்து மாறியிருந்தது. அந்த நாலு எழுத்துதான் தாவலுக்குக் காரணம் என்று கட்டுரை எழுதினார். பெரிய இதழில் வெளிவந்தது. பத்திரிகைகளில் படம் வந்தது. படத்தில் ஏழாம் குழாயைக் குழந்தையைத் தூக்குவது போல் தூக்கிப் பிடித்திருந்தார், தலைகீழாக.

வீட்டில் அவள் கணவர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "உங்க சார் பாக்க நல்லாத்தான் இருக்காரு" என்றார். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர், அதிகம் பேசமாட்டார்.

"அதுக்குத்தான் இருக்காரு. வேற எதுக்கும் இல்ல."

"உனக்கு யாரைத்தான் பிடிக்கும்?"

"வேலை தெரிஞ்சவங்களை. காட்டுங்க ஒருத்தரை."

கட்டுரை வந்த அடுத்த திங்கட்கிழமை, அவள் ஏழாம் குழாயிலிருந்து ஒரு சொட்டை எடுத்துத் தட்டில் பரப்பினாள். மறுநாள் வெள்ளைப் புள்ளிகளுக்கு நடுவே மஞ்சள் புள்ளிகள், எண்ணினால் முப்பத்தொன்று. சந்தேகமே இல்லை. வைரஸ் எங்கும் தாவவில்லை. மஞ்சள் மூடிக் குழாயிலிருந்து ஒரு துளி தவறி உள்ளே விழுந்திருக்கிறது. அந்தத் துளியில் மஞ்சள் பாக்டீரியாவும் வந்தது, அதைத் தின்னும் வைரஸும் வந்தது. இரண்டும் ஏழாம் குழாயில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. மேடை ஏறிப் பேசியதெல்லாம் இந்தக் குடித்தனத்தைப் பார்த்துத்தான்.

அவளுக்கு வந்த சந்தோஷம் நல்ல சந்தோஷம் இல்லை. இனி வேண்டியது தேதி மட்டும். உறைபெட்டியைத் திறந்து ஏழாம் குழாயின் பழைய குப்பிகளை எடுத்தாள். விருந்தினர் வந்த நாளுக்குப் பிறகு வைத்த குப்பியில் மஞ்சள் இருந்தது. எதிர்பார்த்ததுதான். அதற்கு முந்தின குப்பியையும் பரப்பினாள், அது சுத்தமாக இருக்கும், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர் மேஜைமேல் போடலாம் என்று.

அதிலும் மஞ்சள் இருந்தது.

தட்டை மாற்றிவிட்டோமோ என்று திரும்பச் செய்தாள். மஞ்சள்தான். இன்னும் பத்து நாள் பின்னால் போனாள். மஞ்சள். இரண்டாயிரத்து முந்நூற்று இருபதாம் நாள், மஞ்சள். இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்தாம் நாள், ஒரு புள்ளியும் இல்லை, பளிச்சென்று வெள்ளை. ஆக, நடந்தது இந்தப் பத்து நாளுக்குள். பேராசிரியர் பிப்பெட்டைத் தொடுவதற்கு ஒரு மாதம் முன்னால்.

குறிப்பேட்டைப் புரட்டினாள். பத்து நாளும் அவள் கையெழுத்து. ஒன்பது நாள், தொடங்கியது பத்து மணி, முடித்தது பத்து நாற்பது. ஒரு நாள் மட்டும் முடித்தது பதினொன்று இருபத்தைந்து. ஓரத்தில், அடித்த கோட்டுக்கு அடியில், அவள் எழுதியதே படிக்கக் கிடைத்தது: 'ஏழு: டிப் மாற்றினேனா?'

ஞாபகம் வந்துவிட்டது. தங்கை போன் செய்திருந்தாள். போன் பேசிக்கொண்டு குழாய் மாற்றக் கூடாது என்று சுவரில் கொட்டை எழுத்தில் ஒட்டி வைத்ததே அவள்தான். அதற்கு நேர் கீழே உட்கார்ந்து, போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, பேராசிரியர் பேசுகிற மாதிரியே குரலை உயர்த்தி, "நாம பாத்துட்டோமா, நாம செஞ்சுட்டோமா" என்று நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். தங்கை அந்தப் பக்கம் வயிறு வலிக்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கிறங்கித்தான் மஞ்சள் மூடிக் குழாயில் நனைந்த பிப்பெட் டிப்போடு ஏழாம் குழாய்க்குள் போனது கை. சந்தேகம் வந்து எழுதியும் இருக்கிறாள். 'நானாவது மாற்றாமல் இருப்பதாவது' என்று அடித்தும் இருக்கிறாள். அந்த அடித்த கோடு அழுத்தமாக, அலட்சியமாக, மற்றவர்களைப் பார்த்து அவள் விடும் மூச்சு மாதிரியே இருந்தது.

ஸ்டூலில் உட்கார்ந்தாள். அழவில்லை. அவள் வாழ்க்கையில் பார்த்த அத்தனை அரைகுறைகளையும் வரிசையில் நிறுத்தி, அந்த வரிசையின் முன்னால் தன்னைக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

பேராசிரியரிடம் தட்டுகளையும் குறிப்பேட்டையும் எடுத்துப் போய், முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். ஓட்டையைப் பார்த்தபோதே சந்தேகப்பட்டதையும், வேண்டுமென்றே சும்மா இருந்ததையும் சேர்த்தே சொன்னாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"வேற யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது. இதழுக்கு நீங்க எழுதணும் சார்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். குரல் வெண்ணெயாக உருகியது. "இத பாரும்மா. மனுஷன்னா தப்பு நடக்கும். இத்தனை வருஷம் உழைச்சிருக்க. உன்மேல பழி வர நான் விடமாட்டேன். இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்."

அவரை எத்தனையோ காரணத்துக்காக இளக்காரமாகப் பார்த்திருக்கிறாள். இவ்வளவு நேரம் அவளுக்குத் தன்மேல்தான் அருவருப்பு இருந்தது. அந்தக் கனிவைக் கேட்டதும், அந்த அருவருப்பில் அவர் பங்கு அவருக்கே திரும்பிப் போயிற்று.

"என்னைக் காப்பாத்தறீங்களா?"

"உன்னைத்தாம்மா."

"நான் கேக்கவே இல்லையே சார். ஒரு வாரம் பாப்பேன். நீங்க எழுதலைன்னா நான் எழுதுவேன்."

ஒரு வாரம் ஆனது. அவர் எழுதவில்லை. அவள் எதிரே வந்தால் போனில் பேசுவது மாதிரி காதில் கையை வைத்துக்கொண்டு போனார். ஞாயிறு மதியம் அவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கடிதம் எழுதினாள். கணவர் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேலை போயிடுமே."

"போனா போகட்டும்."

"அந்த ஆளைப் பழிவாங்கவா இது?"

பேனாவை வைத்துவிட்டு யோசித்தாள். "போன மாசம் கேட்டிருந்தா ஆமான்னு சொல்லியிருப்பேன்" என்றாள். "இப்ப தப்பு என்னோடது. என் தப்பு அச்சாகி உலகத்துல திரியுது. அதைப் பிடிச்சு உள்ள போடணும்."

கணவர் கடிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். ஒன்பதே வரி. "ஒரு இடத்துல எழுத்துப்பிழை இருக்கு" என்று சுட்டிக்காட்டிவிட்டு எழுந்துபோய் உறை எடுத்து வந்தார்.

இதழிலிருந்து பேராசிரியருக்குக் கேள்வி வந்தது. வந்த மூன்றாம் நாள், தொடர்ந்த விழிப்போடு இருந்ததால் தானும் தன் குழுவும் ஒரு பிழையைக் கண்டுபிடித்திருப்பதாகவும், அறிவியல் நேர்மையை முன்னிட்டுக் கட்டுரையைத் தாமே திரும்பப் பெறுவதாகவும் அவர் பதில் எழுதினார். கட்டுரை போயிற்று. அவள் காத்திருந்த சத்தம் மட்டும் கேட்கவில்லை. மனிதர் விழுந்த இடத்திலேயே இன்னொரு மேடை இருந்தது. 'இப்படியும் ஒரு விஞ்ஞானி' என்று பாராட்டினார்கள். ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். 'பிழையைக் கொண்டாடுவோம்' என்று ஒரு சொற்பொழிவு தயாராயிற்று.

அது அவர்களுடைய கட்டடத்திலேயே ஒருநாள் நடந்தது. அவள் கடைசி வரிசையில் நெட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்டுபிடிப்பை விடக் கண்ணியம் பெரிது என்று பேராசிரியர் ஒரு மணி நேரம் பேசினார். "எங்க உதவியாளர் ஒருத்தர் கை தவறிட்டாங்க. நாங்க அவங்களைக் கோபிச்சுக்கல. மன்னிச்சுட்டோம்" என்றபோது அரங்கம் கைதட்டியது. நெட்டை அவள் பக்கம் திரும்பவே பயந்தான்.

கேள்வி நேரத்தில் அவள் கையைத் தூக்கினாள். மைக் வந்தது.

"டிப் மாத்தாதது நான். அதை நானே சொல்லிட்டேன். ஒரு கேள்வி சார். வாரா வாரம் தட்டுல பரப்பிப் பாக்கற சோதனை நடந்திருந்தா, தப்பு நடந்த ஒரு வாரத்துல மாட்டியிருக்கும். அதை நிறுத்தச் சொன்னது யாரு?"

பேராசிரியர் தொண்டையைக் கனைத்தார். "அது வந்து... நாம சேர்ந்து எடுத்த முடிவுதானேம்மா."

"நாம பச்சை மசியில கையெழுத்துப் போடறதில்ல சார்."

அரங்கம் வெடித்துச் சிரித்தது. ஒரு கணம் அவர் முகம் தொங்கியது. பிறகு அவரும் சேர்ந்து சிரித்தார், கைதட்டினார், "பாத்தீங்களா, எங்க கூடத்துல எல்லாரும் எதையும் கேக்கலாம்" என்றார். கூட்டம் முடிந்ததும் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "இவ்வளவு சுதந்திரம் கொடுத்து வச்சிருக்கீங்களே!" என்று நெகிழ்ந்ததை அவள் தன் காதால் கேட்டாள். வெளியே வந்ததும் நெட்டையிடம், "இந்த ஆளைக் கிணத்துல தள்ளினாலும் வாயில மீனோட வெளிய வருவாருடா" என்றாள்.

அவள் வேலை போகவில்லை. நீக்கினால் கண்ணியத்துக்குக் கேடு என்று விட்டுவைத்தார்கள். அடுத்த வருஷம் பேராசிரியர் நிர்வாகத்தில் பெரிய பதவிக்குப் போனார். அங்கே குழாய் எதுவும் இல்லாததால் எல்லோருக்கும் நல்லது. ஏழாம் குழாயை என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை. அவள்தான் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்தாம் நாள் குப்பியில் உறைந்திருந்ததை இளக்கி, அந்த இடத்திலிருந்து மறுபடி ஓட்டினாள். திங்கட்கிழமைத் தட்டுகள் திரும்ப வந்தன. பேராசிரியர் நடந்ததாகச் சொன்னது நிஜமாகவே நடக்குமா என்று, பத்து நாளைக்கு ஒருமுறை அந்த வைரஸை மஞ்சள் பாக்டீரியாமேல் சொட்டிப் பார்த்தார்கள்.

எழுநூறு நாள் பார்த்தார்கள். வைரஸ் தன் பழைய வீட்டுக்காரனோடு மல்லுக்கட்டி, தோற்று, ஜெயித்து, மறுபடி தோற்று, என்னென்னவோ ஆயிற்று. மஞ்சள் பக்கம் ஒரு ஓட்டைகூட விழவில்லை. நெட்டை அதைத் தன் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயமாகப் பதினோரு பக்கத்தில் எழுதினான். நடக்கவில்லை என்பதைச் சொல்லும் பதினோரு பக்கம். எந்த இதழும் அதைக் கேட்கவில்லை.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் அவளிடம் படிக்கக் கொடுத்தான். அவள் இரண்டு நாள் வைத்திருந்து, மூன்று இடத்தில் எண்களைத் திருத்தினாள். முதல் பக்கத்தில், பொறுமைக்கும் உழைப்புக்கும் அக்காவுக்கு நன்றி என்று ஒரு பத்தி இருந்தது.

"இது எதுக்கு?"

"நியாயமா உங்களுக்குப் போக வேண்டியதுக்கா."

"நியாயமா போக வேண்டியது வேற" என்று பத்தியை அடித்துவிட்டு, எந்த நாள், எந்தக் குழாய், யார் கை, எதனால் என்று அடிக்குறிப்பாக எழுதச் சொன்னாள். அவன் தயங்கினான். போனில் பேசிக்கொண்டிருந்ததையும் போடு என்றாள். போட்டான். எண்பத்தாறாம் பக்கத்தில், பொடி எழுத்தில், தேதியோடு இருக்கிறது.